இரண்டு பக்கமும் திறக்கும் கதவு

தலைமை ஏற்றிருக்கும் கிளப் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மைதானத்தின் பொறுப்பை ஏற்றிருக்கும் புதிய நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவருடைய மகளே, மாப்பிள்ளையே, நாற்காலி போதாமல் மாடிப்படி வரை நின்றுகொண்டிருக்கும் நம் கிளப் ரசிகர்களான பச்சைச் சட்டைக்காரர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மேடைக்கு ஏறும்போது செயலாளர் என் கையைப் பிடித்து, "சார், நல்லதை மட்டும் பேசிட்டு இறங்கிடுங்க" என்று காதில் சொன்னார். நல்லதை மட்டும்தான் பேசப்போகிறேன். ஆனால் ஒரு நல்ல மனிதரைப் பற்றிப் பேசும்போது, அவருக்கு நடந்த கெட்டதை எந்தப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பணி ஓய்வு பெற்ற வாத்தியார் நான். பாதிப் பாடத்தை நடத்திவிட்டு மீதியை விட்டுவிடும் பழக்கம் எனக்கு இல்லை.

நம்மை விட்டுப் போனவர் ஒரு வெல்டர். ஆனால் வெல்டர் என்று சொன்னால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. 'பின்கோல் அண்ணன்' என்றால் குழந்தைக்கும் தெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பவர். எந்தக் கோல் கம்பம்? நாம் பந்தை அடிக்கும் பக்கமா? இல்லை. நம் கோல்கீப்பர் நிற்கும் பக்கம். இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறினால், அவரும் குடும்பத்தோடு மைதானத்தைச் சுற்றி நடந்து அடுத்த முனைக்குப் போய்விடுவார். எங்கே நம் கோல்கீப்பரோ, அங்கே அந்தக் குடும்பம்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் அவருடைய அம்மா. அப்பா நம் கிளப்பின் கோல்கீப்பர். கணவரைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா வலைக்குப் பின்னால் போய் நின்றார். இடைவேளைக்குப் பிறகு கணவர் எதிர்முனைக்குப் போனதும், மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு இவரும் அங்கே போனார். பிறகு முழங்கால் போய் அப்பா விளையாட்டை விட்டார். அம்மா விடவில்லை. "அதான் உன் வீட்டுக்காரர் விளையாடலையே, இன்னும் எதுக்கு அங்க போய் நிக்கிறே?" என்று யாரோ கேட்டதற்கு, "அவர் இருந்தா மட்டும் போவேன்னா அது புருஷன் மேல பாசம். கிளப் மேல பாசம் வேற இல்லையா?" என்றாராம். இதை அண்ணன் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இப்போதுதான் கேட்டதுபோல அவரே சிரிப்பார்.

ஏன் அந்தப் பக்கம் என்று நானும் ஒருநாள் கேட்டேன். "கோல் போடறவனுக்குக் கை தட்ட ஊரே இருக்கு சார். வாங்கறவனுக்கு யாரு இருக்கா?" என்றார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்குப் போடச் சொல்வோம். சாக்பீஸைப் பிடித்திருக்கும் அந்தப் பிள்ளைக்குக் கணக்கைப் பற்றிப் பயம் இல்லை. முதுகுப் பக்கம்தான் பயம். தப்பு வந்ததும் பின்னால் எழப்போகும் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பயம். கோல்கீப்பரும் அப்படித்தான். அவர் முதுகுக்குப் பின்னால் சிரிக்காத ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக நின்றது. சாதாரண விஷயமா இது?

இதோ மூன்றாவது வரிசையில் நம் இன்றைய கோல்கீப்பர் அமர்ந்திருக்கிறார். அவர் புதிதாக வந்த வருஷம் நாம் தோற்றுக்கொண்டே இருந்தோம். ஒரு மேட்சில், தவழும் குழந்தைகூடப் பிடிக்கக்கூடிய பந்து இவருடைய கால் நடுவே புகுந்து வலைக்குள் போயிற்று. பார்வையாளர் காலரியிலிருந்து வந்த வசைகளை நான் இங்கே சொல்ல முடியாது. பந்தை எடுக்க வலைக்குள் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிர முடியவில்லை. வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன், "பந்தை எடுப்பா. நாங்க எங்கயும் போகல" என்றார். பக்கத்தில் அண்ணி, "சாப்பிட்டியாப்பா? முகம் வாடியிருக்கு" என்று கேட்டாராம். நடு மேட்சில் சாப்பாட்டு விசாரணை. இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே நிமிர்ந்தார். அன்றும் தோற்றோம், அது வேறு விஷயம். ஆனால் அன்று இவர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுப் போயிருந்தால், பிறகு வந்த கோப்பைகள் இந்த அறையின் கண்ணாடி அலமாரியில் இருக்குமா?

மாப்பிள்ளை கோபிக்கக் கூடாது, அவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். பேக்கரி வைத்திருக்கும் நல்ல மனிதர். கல்யாணமான புதிதில் முதல் முறையாக மைதானத்துக்கு வந்தார். இடைவேளை விசில் ஊதியதும் குடும்பம் மொத்தமும் கிளம்பி நடந்தது. இவர் டீ குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பொறுப்பாகப் பெஞ்சில் துண்டைப் போட்டு எல்லோருக்கும் இடம் பிடித்து வைத்தார். இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. மறுமுனையில் அண்ணன் மகளிடம் கேட்டார்: "மாப்ளை எங்கம்மா?" மகள் தலையில் கை வைத்துக்கொண்டு, "எதிராளி கீப்பருக்குப் பின்னாடி தனியா நிக்கிறாருப்பா. கையை வேற ஆட்டறாரு" என்றார். அதற்கு அண்ணன், "ஆட்டட்டும், ஆட்டட்டும். அந்தக் கீப்பருக்கும் யாராவது வேணுமில்ல" என்றார்.

அப்படிப்பட்ட மனசு அவருக்கு.

இனி, செயலாளர் பயந்த பகுதிக்கு வருகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு, கூட்டம் நெரிகிறது என்று காலரிகளுக்கு நடுவே கம்பி வேலி போட அன்றைய கமிட்டி முடிவு செய்தது. அண்ணன் நேராக இதே அறைக்கு வந்தார். "வேலி போடுங்க. நடுவுல ஓர் ஆள் போற அளவு விடுங்க. கதவு நான் செஞ்சு தர்றேன்" என்றார். தன் பட்டறையில் தன் கையால் செய்தார். அந்தக் கதவுக்கு ஒரு விசேஷம் உண்டு. தள்ளினாலும் திறக்கும், இழுத்தாலும் திறக்கும். "அந்தப் பக்கத்திலிருந்து வர்றவனும் நம்மாளுதானே" என்பார். அதில் அவர் பூட்டுக்கு இடமே வைக்கவில்லை. மறந்து வைக்காமல் விட்டதல்ல, வேண்டாம் என்றே விட்டது. அந்த வழியாக அவருடைய குடும்பம் மட்டுமா நடந்தது? இடைவேளையில் காலரி மாறாதவர் இங்கே எத்தனை பேர்? அந்தக் கதவருகில் நின்று பேசிப் பேசித்தானே நாமெல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் ஆனோம்?

சென்ற சீசன் தொடக்கத்தில் புதிய நிறுவனம் வந்தது. இருக்கைகளுக்கு எண் வந்தது. நல்லது. கழிப்பறைக்குக் கதவு வந்தது. மிகவும் நல்லது. கூடவே அண்ணன் செய்த கதவில் யாரோ ஒரு வளையத்தை வெல்டிங் வைத்து ஒட்டி, அதில் பூட்டை மாட்டினார்கள்.

முதல் மேட்ச். நானும் அதே காலரியில் இருந்தேன். இடைவேளை விசில் ஊதியதும் அண்ணன் குடும்பத்தோடு கதவுக்குப் போனார். காவலுக்கு நின்ற பெண் பணிவாகத்தான் பேசினார். அவர் மீது எனக்குக் குறை இல்லை.

"ஐயா, உங்க டிக்கெட் இந்தக் காலரிக்குத்தான். அந்தப் பக்கம் விட முடியாது."

"இந்தக் கதவை நான்தாம்மா செஞ்சேன்."

"இருக்கலாம்யா. சாவி ஆபீஸ்ல இருக்கு. நான் என்ன பண்ண?"

அண்ணன் குனிந்து அந்த வளையத்தைத் தடவிப் பார்த்தார். "பூட்டறதுதான் பூட்டறீங்க, வெல்டிங் ஒட்டையாவது ஒழுங்கா வெச்சிருக்கக் கூடாதா?" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இரண்டாம் பாதி முழுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அங்கிருந்து நம் கோல் கம்பம் தெரியாது. அன்று நாம் ஜெயித்தோம். ஜெயித்த நாளில் யார் கதவைப் பார்ப்பார்கள்?

ஆனால் ஒருவர் பார்த்தார். நம் கோல்கீப்பர் சில நாள் கழித்து என்னிடம் சொன்னார்: "கார்னர் வந்தப்ப திரும்பிப் பார்த்தேன் சார். ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டா எனக்குப் போதும். அங்க ஒரு விளம்பரப் பலகை இருந்துச்சு."

அண்ணன் அலுவலகத்துக்குப் போனார். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். பாதுகாப்பு என்றார்கள். யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டார். பரிசீலிக்கிறோம் என்றார்கள். தலைவர் அவர்களே, அன்று அந்த அறையில் நீங்களும் இருந்தீர்கள். உங்களை இளைஞராக இந்தக் கிளப்புக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னீர்களா?

அவர் என்ன செய்தார்? சண்டை போட்டாரா, பூட்டை உடைத்தாரா? அவர் கையில் இருந்த கருவிக்கு அந்த ஒட்டு எம்மாத்திரம்? அவர் செய்தது வேறு. அடுத்த மேட்சில் முதல் பாதியை உள்ளே பார்த்தார். இடைவேளையில் குடும்பத்தோடு பெரிய வாசல் வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றி, மறுமுனை மதிலுக்கு வெளியே போய் நின்றார். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். டயர் கடைக்கு எதிரே, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில், ஆளுயரத்துக்கும் மேலான சுவரைப் பார்த்தபடி அந்தக் குடும்பம் இரண்டாம் பாதியைக் காதால் கேட்டது. டயர் கடைக்காரர் முக்காலி கொடுத்தார். அண்ணன் உட்காரவில்லை. "கீப்பர் நின்னுக்கிட்டுதானே இருக்கான்" என்றாராம்.

சீசன் முழுவதும் இப்படித்தான். வெயிலிலும், மழையிலும், மருத்துவர் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பிறகும். சுவருக்கு வெளியிலிருந்து, "விடாதே, நாங்க இருக்கோம்" என்று ஒரு குரல் வரும். கோல்கீப்பருக்குக் கேட்கும். அலுவலகத்துக்கும் கேட்டது. தெருவில் யாரோ சத்தம் போடுகிறார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். யாரோ! மூன்று தலைமுறை இந்த மண்ணில் நின்ற குடும்பம் உங்களுக்கு 'யாரோ'.

அவருடைய இதயம் நின்றதற்கு அந்தப் பூட்டுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அது நியாயமல்ல, உண்மையும் அல்ல. ஆனால் அவருடைய கடைசி சீசனை நீங்கள் தெருவில் கழிக்க வைத்தீர்கள். இது உண்மை.

இன்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்குகிறது. 'எங்கள் நீண்டகால வாடிக்கையாளருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருக்கிறது. வாடிக்கையாளரா? சோப்பு பிடிக்காவிட்டால் வேறு சோப்பு வாங்குபவர் வாடிக்கையாளர். கடையைப் பூட்டினால் அடுத்த கடைக்குப் போகிறவர் வாடிக்கையாளர். பூட்டிய கடையின் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்பவனுக்குத் தைரியம் சொல்கிறவருக்கு உங்கள் அகராதியில் என்ன பெயர்? தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்லித் தருகிறேன். அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இந்தக் கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் வாசிக்கப்போகிறார்கள். அந்தக் கதவுக்கு அண்ணனின் பெயரைச் சூட்டி, பித்தளையில் பலகை பதிக்கப்போகிறார்களாம். அண்ணியிடம் சம்மதம் கேட்க மேலாளர் நேற்று வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கதவைத் திறந்து வைப்பீங்களா?" என்று கேட்டார். மேலாளர், "அது கொள்கை முடிவும்மா, மேலிடத்துல கேக்கணும்" என்றார். அண்ணி எழுந்துகொண்டார். "அப்போ பேரு வேண்டாம் தம்பி. பித்தளையும் வெச்சா கதவு இன்னும் கனமாயிடும்" என்றார்.

அண்ணி அவர்களே, வாழ்நாள் முழுவதும் பாடம் நடத்திய எனக்கு அந்த ஒரு வாக்கியத்துக்குமேல் சேர்க்க எதுவும் இல்லை. ஆகவே நான் தீர்மானத்தை எதிர்க்கிறேன். இந்த அறையில் இருக்கும் பச்சைச் சட்டைக்காரர்கள் சார்பில் வேறொன்றைச் சொல்கிறேன். நம்மில் யாருக்கும் மேலிடம் கிடையாது, ஆகவே யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். முதல் பாதியில் நம் கோல்கீப்பருக்குப் பின்னால் நாம் எல்லோரும் நிற்போம். இடைவேளை விசில் ஊதியதும் அண்ணிக்கு முன்னால் வழிவிட்டு, அந்தக் கதவுக்கு நடப்போம். பூட்டைத் தொடமாட்டோம். யாரையும் ஒரு சொல் திட்டமாட்டோம். கதவு திறந்திருந்தால் அந்தப் பக்கம் போவோம். பூட்டியிருந்தால் பெரிய வாசல் வழியாக வெளியேறி, டயர் கடைக்கு எதிரே மதிலை ஒட்டி நிற்போம். இரண்டாம் பாதியை எண் போட்ட காலி நாற்காலிகள் பார்க்கட்டும். மேலாளர் அவர்களே, அவைதான் உங்களுடைய உண்மையான வாடிக்கையாளர்கள்.

கோல்கீப்பர் தம்பி, உனக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாதியில் கார்னர் வரும்போது வழக்கம்போலத் திரும்பிப் பார். முகங்கள் தெரிந்தால் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். விளம்பரப் பலகைதான் தெரிகிறது என்றால் பதறாதே, பந்தைப் பார். சுவருக்கு வெளியே நாங்கள் நின்றுகொண்டுதான் இருப்போம்.

மாப்பிள்ளை, இந்த முறை நீங்கள் யாருக்கும் இடம் பிடித்து வைக்க வேண்டாம். கூடவே வந்துவிடுங்கள்.