சனியின் இடத்தில் சேஷன்

சமூகம் ஹாலில் என்னை விசாரணைக்கு உட்காரவைத்தபோது காபி கொடுத்தீர்கள். டபரா இல்லாமல் டம்ளர் மட்டும் வந்தது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை, காரியதரிசி அவர்களே. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

நான் கல்யாணராமன். சர்க்கார் புள்ளிவிவர அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவன். ஆபீசுக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்தபோது சின்னவர்கள் பயந்தார்கள், நான் கற்றுக்கொண்டேன். பம்பாய்க்காரர் ஒருவர் நம் சமூகத்துக்குக் கம்ப்யூட்டரை இனாமாகக் கொடுத்ததும், திருவனந்தபுரம் கோட்டைத் தெருக்களின் வரன்களுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்க அதில் கட்டளை வரிசையாக ஒரு ஷெல் நிரல் எழுதினேன். அதற்காக யாரிடமும் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வரன் பிடிக்கவில்லை என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஜாதகம் சேரவில்லை என்பார்கள். பழி கிரகங்கள் மேல் போய்விடும். மறுநாள் கோயில் நடையில் இரண்டு வீட்டாரும் சிரித்துப் பேசிக்கொள்ளலாம். நான் செய்ததும் அந்த மரியாதையைச் சேர்ந்ததுதான். வேண்டாம் என்று பெண் வீட்டாருக்குத் தோன்றுவதற்கு முன்பே எனக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

சேஷனிடமிருந்து ஆரம்பித்தது. அவர் தங்கையின் கல்யாணத்தில் என் தகப்பனாரை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள். இலையில் போளி விழுந்தது. பால் பாயசம் தீர்ந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் பாயசம் இல்லாத போளியை ஒருவர் முன்னால் வைப்பதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்றார். குடும்ப மானத்தில் அவருக்கு அக்கறை போதாது. அந்தக் குறையை நான் நிவர்த்தி செய்ய வேண்டியிருந்தது.

நிரலில் ஒரு சிறிய சோதனையைச் சேர்த்தேன். தகப்பனார் பெயர் சேஷன் என்றால், நட்சத்திரத்தைப் பார்க்காமலே பொருத்தமில்லை என்று சொல்லிவிடும். சம்பந்தமில்லாத வேறு சேஷன்களும் சிலர் அகப்பட்டிருக்கலாம். பெயர் வைத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். அந்தப் பெயரை நான் அப்படியே எழுதிவைக்கவில்லை. எழுத்தெழுத்தாகப் பிரித்து வேறு வேறு வரிகளில் போட்டு, ஓடும்போது மட்டும் ஒன்றுசேரும்படி செய்து, அதைப் பெட்டிபோல் உள்ளே வைத்திருக்கும் மாறிக்குச் சனி என்று பெயரிட்டேன். திறந்து படிப்பவருக்கு ஜோதிடம்தான் தெரியும்.

பிறகு ராகு வந்தார். பஜனையில் நான் பாடும்போது கொட்டாவி விட்டவர். கேது என் குடையை எடுத்துப்போய் வேறொரு குடையைத் திருப்பித் தந்தவர். செவ்வாய் என்னைவிட மூத்தவராக இருந்தும் என்னைப் பெரியவரே என்று கூப்பிட்டவர். நவக்கிரகங்கள் போதாமல் குளிகனையும் மாந்தியையும் சேர்க்க வேண்டி வந்தது. செவ்வாயின் பெண் பி.எட். முடித்தாள், எம்.எட். முடித்தாள், இப்போதும் எதையோ முடித்துக்கொண்டிருக்கிறாள். குளிகனின் பிள்ளைகள் முறைபோட்டுச் சமைக்கிறார்கள். சாம்பார் நன்றாக இருப்பதாகக் கேள்வி. மாந்தியின் மூத்தவன் ரிஷிகேசம் போய்விட்டான். ஆன்மிகத்துக்கு என்னாலானது.

என் மகள் பத்மப்ரியா டெக்னோபார்க்கில் வேலை பார்த்தாள். அங்கே உடன் வேலை பார்த்த மஹேஷும் அவளும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். மஹேஷ், சேஷனின் மகன். ஜாதகம் சேர்ந்தால் ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வீட்டிலும் சொன்னோம். நான் மனப்பூர்வமாகவே சொன்னேன். பதில் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வீட்டாரும் தெருக்காரர்களும் ஹாலில் கூடினோம், நீங்களும் இருந்தீர்கள். விவரங்களை நானே தட்டினேன். பொருத்தமில்லை என்று வந்தது. மஹேஷ் தலையைக் குனிந்துகொண்டான். பத்மப்ரியா குனியவில்லை.

"அப்பா, எல்லாருக்கும் கணக்குப் போட நேரம் எடுக்கறது. இவருக்கு மட்டும் எப்படி உடனே சொல்லித்து?"

"கிரகம் அவ்வளவு தெளிவா இருக்கு."

"தெளிவா இருந்தா எல்லாரும் பாக்கட்டுமே."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, மைனஸ் எக்ஸ் போட்டு நிரலை ஓடவிட்டாள். அப்படிப் போட்டால் ஓடுகிற ஒவ்வொரு கட்டளையும் கூட்டல் குறியோடு திரையில் வந்து நிற்கும். ஒப்பிடும் வரியில் மாறியின் பெயர் வராது. அதற்குள் இருக்கும் ஆளின் பெயர் வந்துவிடும். இந்த வசதி எனக்கும் தெரியும். ஆனால் பெற்ற மகள் தகப்பனின் நிரலில் அதைப் போடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விருந்தாளியைச் செருப்போடு அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு வருவதைப் போன்ற காரியம் அது.

வரிவரியாக வந்தது. ஹாலில் நின்றவர்கள் அவரவர் பெயரை அவரவரே படித்தார்கள். சனிக்கு மரியாதையாகக் கடைசி இடம் கொடுத்திருந்தேன்.

"எந்தா ஓய் இது?" என்றார் சேஷன். "சேஷனும் சேஷனும் சமம்னு போட்டிருக்கு. அடுத்த வரியில பொருத்தமில்லைங்கறது."

"அது நீர் இல்லை ஓய், சனி," என்றேன். என் தரப்பில் நடந்த ஒரே தவறு அதுதான்.

என் மனைவி லலிதாம்பாள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். "ஒரு கரண்டி பாயசத்துக்கா இத்தனை?"

"பாயசத்துக்கு இல்லை. வராத பாயசத்துக்கு," என்று திருத்தினேன்.

பத்மப்ரியா அந்த வரிகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். நிதானமாகக் கணக்குப் போட்டு, உத்தமம் என்றது. கல்யாணத்தில் என்னை முதல் பந்தியில் உட்காரவைத்து, சேஷனே வந்து போளிமேல் பாயசம் ஊற்றினார். போதும் என்று நான் சொல்லவில்லை. அவர் கை வலித்திருக்கும்.

இப்போது அவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அந்த இயந்திரத்தை ஓட்ட இங்கே வேறு யாருக்கும் தெரியாததால், விசாரணை முடியும்வரை நானே பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்களே சொன்னீர்கள். பத்மப்ரியா அழித்த வரிகளுக்கு நான் நகல் வைத்திருந்தேன், சர்க்கார் பழக்கம். பழையபடி சேர்த்தாகிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கமிட்டி பதிவுசெய்துகொள்ள வேண்டும். நான் காழ்ப்பு வைத்துக்கொள்கிறவன் அல்ல. சம்பந்தியானதும் சேஷனின் பெயரை நானே எடுத்துவிட்டேன். ஆகவே சனி இப்போது காலியாக இருக்கிறது.

உங்கள் மூத்த பிள்ளைக்கு வரன் பார்க்க ஜாதகம் எடுத்திருப்பதாக லலிதாம்பாள் சொன்னாள். கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். டபராவைப் பற்றி நான் அப்போதே மறந்துவிட்டேன்.