மலாக்காவை விட்டுப் போகக்கூடாத சளி

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம். மலாக்காவில் காஜா பேராங் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். இளையவள் வெள்ளைச் சீருடையில் இருந்த ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அதாவது நர்ஸ். திடீரென்று அவள் சொன்னாள்:

“என் சளி மலாக்காவை விட்டுப் போகக்கூடாதாம்க்கா.”

“என்னடி உளறுற?”

“எனக்கு டிபி குணமாயிடுச்சுல்ல? இன்னும் ஒரு வருஷத்துக்கு மாசாமாசம் இங்கேயே சளி குடுத்துச் சோதிக்கணுமாம். சிரம்பான் ஆஸ்பத்திரியில கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுறாங்க. டாக்டர் விடமாட்டேங்கிறார்.”

“ஏன், சிரம்பான்ல சோதிக்க மாட்டாங்களா?”

“சோதிப்பாங்க. அது இங்கே செல்லாதாம்.”

“உடம்பு நல்லாத் தேறட்டும்னு பாக்குறாங்களோ என்னவோ.”

“அப்போ என்னை ஏன் டிபி வார்டுலயே போட்டிருக்காங்க? அங்கேதானே எனக்கு ஒட்டிச்சு! இருமுறவங்களுக்குச் சளிக் கோப்பை பிடிக்க மட்டும் நான் நல்லாயிருக்கேன். பஸ் ஏறி சிரம்பான் போக மட்டும் நோயாளியா?”

“பெரிய மிஸ்ஸிகிட்ட கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேன்க்கா. ‘நீ போயிட்டா அந்த வார்டுக்கு யாரு வருவா’ன்னாங்க.”

“அப்படிச் சொல்லு! விஷயம் அதுதான்லா.”

பஸ் வந்தது. வரிசையில் நின்ற ஒருவர் இருமினார். மிஸ்ஸி சட்டென்று திரும்பினாள்.

“எத்தனை நாளா இந்த இருமல், அண்ணே?”

“ரெண்டு மாசமா இருக்கும்மா.”

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டுங்க. வேற ஊருக்கு வேலைக்குப் போற எண்ணம் இருந்தா மட்டும், முதல்ல போய்ச் சேர்ந்துட்டு அங்கே காட்டுங்க!”