அறுபத்து மூன்றாம் பரிந்துரை

நாற்காலியைக் கொஞ்சம் கிட்டப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, எனக்கு உரக்கப் பேசிப் பழக்கமில்லை.

பல நாடுகள் கூடி நம் மனித உரிமை நிலையைப் பரிசீலித்து நூற்றுச் சொச்சம் பரிந்துரை சொன்னதும், நம்மவர்கள் அத்தனைக்கும் தலையாட்டிவிட்டு வந்ததும் உங்களுக்குத் தெரியும். அறுபத்து மூன்றாவது, பெண்கள் சிறையில் புகார்ப் பெட்டி. ஒரு பணக்கார நாடு உதவிக்கு வந்தது. பெட்டி கொடுத்தது, பாடம் நடத்த ஒரு நிபுணரையும் அனுப்பியது. அந்தம்மாள் மூன்று நாள் சுவரெல்லாம் வண்ணக் காகிதம் ஒட்டினாள். எங்கள் சிறை ஆட்களுக்குப் பாடம் ஏறவில்லை, மதியச் சாப்பாடுதான் இறங்கியது. எழுதிக்கொண்டவள் நான் ஒருத்தி. பெட்டிச் சாவி என்னிடம் வந்தது.

முதல் கடிதம் தையல் பிரிவில் இருந்த கைதி எழுதியது. வார்டன் அடிக்கிறாள், தண்ணீர் தருவதில்லை என்று இரண்டு பக்கப் புலம்பல். கடைசியில், ‘என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.’

புகார் யார்மேலோ அவருக்கு நகல் கொடுத்து, ஏழு நாளில் விளக்கம் வாங்க வேண்டும். அது பாடம். பெயரை மறைக்கவும் சொன்னார்கள்தான். மை பூசினால் தாள் அசிங்கமாகிவிடும். அப்படியே கொடுத்தேன்.

“யாரு அக்கா, தையக்காரியா?” என்றாள் வார்டன்.

“உனக்குத்தான் படிக்கத் தெரியுமே.”

“மகாராணிக்குப் பொழுது போகல போல. நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்க. விளக்கம் மட்டும் ஏழு நாள்ல வந்துடணும்.”

நான்காம் நாளே வந்தது. இரண்டாவது கடிதத்தில் எழுத்து கோணியிருந்தது. விரல்கள் ஒடிந்துவிட்டனவாம். அதற்கும் விளக்கம் வாங்கினேன். இரண்டு புகார், இரண்டு பதில் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும், பார்வையிடத் திரும்பி வந்திருந்த அந்த நிபுணருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ‘நிறைவேறியது’ என்று எழுதிக்கொண்டு விமானம் ஏறினாள்.

மூன்றாவது, அவளை அடைத்திருந்த தனிக்கொட்டடியிலிருந்து வந்தது. வேறொருத்தி ஒளித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். ‘தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. பெட்டியைத் திறப்பது வயதான ஒரு அம்மா என்கிறார்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.’

அதன் நகலையும் கொடுத்தேன். இரண்டு நாளில் செத்துப்போனாள்.

தெரிந்தே கொடுத்தீர்களா என்கிறீர்கள். தெரிந்துதான். புலம்புகிறவர்களுக்கும், அவர்களுக்காகக் கண் கலங்க விமானத்தில் வருகிறவர்களுக்கும் நடுவில், ஒழுங்காக வேலை பார்க்க ஒருத்தி வேண்டாமா?

அந்தக் கடைசிக் கடிதத்தின் அசலை மட்டும் கேட்காதீர்கள் தம்பி. அதை நான் தர மாட்டேன். என்னை நம்பி ஒருத்தி எழுதியது.