நூல் சுற்றிய மோதிரம்

கிட்ட வாங்க கண்ணுங்களா. இன்னும் கிட்ட... அந்த ஓரத்துப் பிள்ளை, நீயும் உள்ளே நகர்ந்து உட்கார். விளக்கைத் தணித்தால் போதும், அணைக்க வேண்டாம். ஒரு கதை சொல்கிறேன். ராத்திரியில் நடந்ததில்லை, பட்டப்பகலில் நடந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் பயம்.

என் சிநேகிதி சிலுவையம்மாளின் தங்கை ஃப்ளோரன்ஸுக்கு நேர்ந்தது இது.

மத்தியானம் மூன்று மணி. எண்ணூர் போகிற ரோடு. அங்கே கரண்டு கம்பெனிக்குப் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்த வருஷம். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் உப்பளம், வெள்ளையாகக் கண்ணைக் குத்துகிறது. நடுவே ஒரு சிவப்புக் கார். மேற்கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரும் ரேஸ் கார். சீமையிலிருந்து கப்பலில் வந்து, கைமாறிக் கைமாறி, ஃப்ளோரன்ஸின் புருஷன் வால்டரிடம் வந்திருந்தது.

வால்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துப் பார்த்து ஏங்கினவன். வண்டி வந்த நாளிலிருந்து வேலை விட்டால் வண்டி, பூசை முடிந்தால் வண்டி. ஃப்ளோரன்ஸின் நல்ல பாவாடை ஒன்றைக் கிழித்து அதைத் துடைத்தான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் வாசனை... எண்ணூர் வரை தனியாகப் போய்விட்டு வருவான். சட்டையைத் துவைக்க எடுத்தால் இடது கை மட்டும் மணக்கும். பெட்ரோல் இல்லை. மரிக்கொழுந்து.

அவள் தலையில் மரிக்கொழுந்து வைக்கிறவளே இல்லை.

அதனால்தான் அன்றைக்கு அடம்பிடித்து ஏறினாள். இடப்பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தாள். ஒன்றாவது கியரில் வண்டி நகர்ந்தது. வால்டர் கிளச்சை மிதித்து இரண்டாவதுக்கு இழுத்தான்.

கர்ர்ர்ரக்...

பல்லோடு பல் அரைபடுகிற சத்தம். ஃப்ளோரன்ஸின் வலது கை மோதிர விரல் சுரீரென்று சுட்டது. கல்யாண மோதிரம். உள்பக்கம் "வால்டர்" என்று பேர் வெட்டியது.

"இன்னாய்யா இது?"

"தெரியல. தனியா வந்தா வெண்ணெயாட்டம் விழும். நீ ஏறினதும் முரண்டு பண்ணுது."

"நல்லா சொல்ற. என்னை எறக்கிவுட இதான் சாக்கா?"

வீடு வரும்வரை ஒவ்வொரு கியருக்கும் அந்தச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் விரலில் அந்தச் சூடு.

மறுநாள் அவளே அவனை டோல்கேட் பக்கம் மெக்கானிக் கமாலுதீன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோளாறு வண்டியிலா, புருஷனிலா... அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கமாலுதீன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "கிளச்சு முழுசா விடல அண்ணி. அஞ்சு நிமிசம்." கிளச்சை முறுக்கிச் சரிசெய்தான். ஃப்ளோரன்ஸ் ஏறினாள். கர்ர்ரக். எஞ்சினைத் தாங்குகிற ரப்பரைப் பார்த்தான். அது கெட்டியாக இருந்தது. இடப்பக்கம் பாரம் ஏறினால் சாய்கிறதோ என்று, அவள் இடத்தில் ஓர் உப்பு மூட்டையை வைத்து ஓட்டச் சொன்னான். சத்தமே இல்லை. தானே ஏறி உட்கார்ந்தான். வெண்ணெய். மறுபடி ஃப்ளோரன்ஸ் ஏறினாள்... கர்ர்ர்ரக்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காத. வண்டிக்கு உன்னைக் கண்டா ஆவாதுபோல கீது."

"வண்டிக்கா, ஓட்றவருக்கா? அதக் கேளு."

வால்டர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் கமாலுதீன் கியர் ஆயிலை வடித்தான். கறுப்பு எண்ணெயை விரலில் தேய்த்து வெயிலில் காட்டினான். பொடிப்பொடியாக மஞ்சள் மினுக்கம். "புடிச்சிட்டேன். கியருங்க ஒண்ணோடொண்ணு மோதாம இருக்க உள்ள பித்தளை வளையம் கீது. அது தேஞ்சுகினு வருது."

கியர் பெட்டியைப் பிரித்தான். வளையங்கள் புதுசுபோல இருந்தன. பல் ஒன்றுகூட மழுங்கவில்லை. கமாலுதீன் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப... இந்தப் பொடி எங்கேர்ந்து வருது?"

ஃப்ளோரன்ஸ் தன் விரலைத் தடவிப் பார்த்தாள். முந்தின நாள் வீடு திரும்பியபோதுதான் அவள் மோதிரம் தொளதொளத்துப் போயிருந்தது. மனக்கவலையில் நாம்தான் இளைத்துவிட்டோம் என்று நினைத்தாள். பெண்கள் செய்கிற மாதிரி, மோதிரம் முழுக்க வெள்ளை நூலைச் சுற்றி, முடிச்சிட்டு, இறுக்கிப் போட்டிருந்தாள். இப்போது கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

விரல் இளைக்கவில்லை. மோதிரம்தான் இளைத்திருந்தது.

அந்தப் பொடியை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு நகை செய்கிற ஆசாரியிடம் போனாள். அவர் கழுவி, உருக்கி, உரைகல்லில் தேய்த்தார். பக்கத்தில் மோதிரத்தையும் தேய்த்தார். "ரெண்டும் ஒரே உருப்படிம்மா," என்றார். "இத எதுக்கு அரத்தால அராவுனே?"

அவள் அங்கிருந்து நேராக, வண்டியை வால்டருக்கு விற்ற தவசிமுத்துவின் வீட்டுக்குப் போனாள். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், கப்பலுக்குச் சாமான் போடுகிறவர். அவருடைய இடது கை மணிக்கட்டுக்குக் கீழே சூம்பியிருந்தது. ஏதோ ஒரு கப்பலில் இரும்பு மூடி விழுந்து நசுங்கிய கை.

"இந்தக் கையை வச்சிக்கிட்டு எப்படிய்யா கியர் போட்டே?" என்று கேட்டாள்.

அவர் சுவரில் இருந்த ஒரு படத்தைப் பார்த்தார். மரிக்கொழுந்து மாலை போட்ட படம். "ரோஸ்மேரி போடுவா. என் மூத்த சம்சாரம். நான் கிளச்ச மிதிச்சு நாக்கைத் தட்டுவேன். 'ட்டக்'னு ஒரு சத்தம். பக்கத்துல இருந்து அவ போடுவா. ஒரு நாளும் தப்பினதில்ல. காய்ச்சல்ல போயிட்டா. நான் இன்னொரு கல்யாணம் கட்டினேன்."

அந்த இரண்டாவது மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. காதில் இல்லை, கையில் இல்லை. ஃப்ளோரன்ஸ் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குத் தங்கம் நிக்காதுக்கா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃப்ளோரன்ஸ் மறுபடி அந்த வண்டியில் ஏறினாள். அதே எண்ணூர் ரோடு. அதே வெயில். ஆள் அரவம் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"ரெண்டு கையையும் ஸ்டீயரிங்ல வை. கிளச்ச மிதி. நாக்கத் தட்டு."

வால்டர் அவளைப் பார்த்தான். எதுக்கு என்று கேட்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தான்.

ட்டக்.

கியர் கம்பி தானாக அசைந்தது. நடுவிலிருந்து நகர்ந்து, முன்னால் போய், ஒன்றாவதில் அரைத்துக்கொண்டு விழுந்தது. காற்றில் மரிக்கொழுந்து. ஃப்ளோரன்ஸின் விரல் தணலாகச் சுட்டது. அவள் அதைக்கூடப் பெரிதாக நினைக்கவில்லை. அவள் பார்த்தது வால்டரின் முகத்தை.

அவன் திடுக்கிடவில்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"மொத நாள்லேர்ந்தே தெரியும்." தலையைக் குனிந்துகொண்டான். "பாவம் ஃப்ளோரன்ஸு. யாருமில்லாம கீது அது."

"எனக்கு யாரு கீறாங்க?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள்... அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருக்கமாட்டாள் என்று சிலுவையம்மாள் என்னிடம் எத்தனையோ தரம் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஃப்ளோரன்ஸ் கதவைத் திறந்து இறங்கினாள். திருவொற்றியூர் பார்த்து நடந்தாள். பின்னால் 'ட்டக்' கேட்டது. பிறகு வண்டி கிளம்புகிற சத்தம். ஒன்று... இரண்டு... மூன்று... ஒரு முணுமுணுப்பு இல்லாமல், வெண்ணெயாக. கடைசி கியர் விழுந்தபோது விரல் ஒரே ஒரு தடவை சுட்டது. அப்புறம் ஜில்லென்று ஆகிவிட்டது. அவள் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வால்டர் அன்று வரவில்லை. அவளும் முந்தானையில் சுற்றிய கையை வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் முகத்துவாரக்குப்பத்து ஆட்கள் வண்டியைப் பார்த்துச் சொன்னார்கள். கமாலுதீன் போனான். கழிமுகத்து மணலில், தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தது. இரண்டு கதவும் சாத்தியிருந்தன. எஞ்சின் இன்னும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மணலில் ஒரு கால்தடம் இல்லை. குப்பத்து ஆட்கள் வலை போட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்து, கியர் கம்பியின் தலையில் இருக்கிற குமிழைக் கமாலுதீன் திருகிக் கழற்றினான். கம்பியின் கழுத்தில் ஏதோ மினுங்கியது. கழற்றி எடுத்தான். அதைக் கைக்குட்டையில் வைத்து ஃப்ளோரன்ஸிடம் கொண்டுவந்தான்.

"அண்ணி... இது உன்னுதா பாரு."

கனமான தங்க மோதிரம். கோயிலில் போட்ட அன்று இருந்த அதே கனம். உள்பக்கம் எழுத்து கூர்மையாக இருந்தது. வால்டர்.

ஃப்ளோரன்ஸ் முந்தானையை விலக்கித் தன் கையைப் பார்த்தாள்.

சுற்றியிருந்த வெள்ளை நூல் மட்டும் விரலைச் சுற்றி வட்டமாக நின்றது. முடிச்சு அவிழவில்லை. உள்ளே மோதிரம் இல்லை.

அவ்வளவுதான் கண்ணுங்களா... பயப்படாதீர்கள், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு எழுந்து போங்கள். உங்கள் வீட்டில் போட்ட மோதிரம் போட்ட விரலிலேயே இறுக்கமாக இருக்கட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேரட்டும். அவர்கள் பக்கத்து இடம், அவர்களுக்கு உரியவர்களுக்கே இருக்கட்டும்.