‘மாட்டேன்’ என்ற பதிலைக் கொண்டாடிய மிஸ்ஸி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் கணேசமூர்த்தி ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வைத்திய அதிகாரி ஷாமிலா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சுலக்ஷனாவின் கணவர் தர்ஷன் தம்பி, மகளை இழந்து நிற்கும் தந்தை சோலைமலை ஐயா, வைத்தியசாலையில் சுலக்ஷனாவோடு இரவு பகல் பாராமல் உழைத்த தாதியர்களே, நோர்வூட் நகரத்துக் கடைக்காரப் பெருமக்களே! எல்லோருக்கும் மேலாக, இன்று தேயிலை மலையிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நேரே இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் மேல் டிவிசன் அம்மாமார்களே, அக்காமார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னைக் ‘கலாநிதி செல்லசாமி ஜீவராஜ்’ என்று பேச அழைத்தார். எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் ‘கலாநிதி சோலைமலை சுலக்ஷனா’ என்று நம் இளைஞர்கள் எழுதியிருக்கிறார்கள். தம்பிமாரே, உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. சுலக்ஷனா கலாநிதி இல்லை. அவருடைய ஆய்வேட்டில் இன்னும் இரண்டு அத்தியாயங்கள் எழுதப்படாமல் இருக்கின்றன. அவர் இருந்து இந்தப் பதாகையைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்? பூரித்துப் போயிருப்பாரா? ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அந்தச் சொல்லைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, “யாருப்பா இத எழுதினது? இங்க வாங்க” என்று கேட்டிருப்பார்! ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பைக் கூட்டிப் போட்டிருந்ததற்காக, சொந்தக்காரர் என்றும் பாராமல் சண்டைக்குப் போனவர் அவர். கல்யாணத்துக்கும் போனார், நன்றாகச் சாப்பிட்டார், அது வேறு விஷயம்.

அந்தப் பட்டம் எனக்கு எப்படிக் கிடைத்தது, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? இதைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கினால், நான் செய்தது அஞ்சலி ஆகாது. இரண்டு வருடமாக இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சொன்னால் என் பட்டம் போகலாம், கல்லூரியில் விரிவுரையாளர் வேலையும் போகலாம். அந்தப் பயத்தோடுதான் இப்போதும் நிற்கிறேன்.

நானும் சுலக்ஷனாவும் ஒரே வருடத்தில் ஒரே பல்கலைக்கழகத்தில் கலாநிதி ஆய்வுக்குப் பதிவு செய்தவர்கள். அவர் தாதி, தோட்டத்துச் சனத்துக்கு ‘மிஸ்ஸி’. நான் இயன்மருத்துவம் படித்தவன். அவருடைய ஆய்வு, கொழுந்து எடுக்கும் பெண்களின் இரத்தச்சோகை. என்னுடையது அதே பெண்களின் முதுகுவலி. இரண்டு பேரும் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். “நம்ம சனத்தப் பத்தி வெளியாட்கள் எழுதினது போதும் அண்ணே, நாம எழுதுவோம்” என்று முதல் நாளே சொன்னார். அந்த உற்சாகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை!

அவர் இரத்த மாதிரிகளை ஒரு நீலப் பெட்டியில் ஐஸ் போட்டு பஸ்ஸில்தான் கொண்டு போவார். ஒருமுறை ஹட்டன் பஸ்ஸில் நெரிசல். கண்டக்டர் பெட்டியை மேலே வைக்கச் சொல்லியிருக்கிறார். “மேல வைக்க ஏலாது, உள்ளுக்கு மனுசர் ரத்தம் இருக்கு” என்று இவர் சாதாரணமாகச் சொல்ல, பக்கத்துச் சீட்டு மட்டுமல்ல, முன்சீட்டும் பின்சீட்டும் காலியாகிவிட்டன! கினிகத்தேனை வரை கால் நீட்டி உட்கார்ந்து போனதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தர்ஷன் தம்பி, நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவருக்குப் பிடித்த கதை இது.

சரி, அந்தப் பட்டத்தின் கதைக்கு வருகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆய்வில் கலந்துகொள்ளச் சம்மதமா என்று பெண்களிடம் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எல்லோரும் ஓரிடத்தில் கூடுகிறார்களே, அங்கேயே கேட்டுவிடலாம் என்று சொன்னவன் நான். அன்று சுலக்ஷனாவுக்கு வைத்தியசாலையில் வேலை. “ரெண்டு ஆய்வுக்கும் சேர்த்து நானே பேசிடறேன்” என்று பெருமையாகப் போனேன். பல்கலைக்கழகம் தந்த சம்மதப் படிவத்தில் ‘தன்னார்வப் பங்கேற்பு’ என்றெல்லாம் இருந்தது. நம் பெண்களுக்கு இந்தத் தமிழ் எதற்கு? நான் எளிமையாக்கினேன். பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை அன்றன்றைய வேலை பதியும் செக்ரோலோடு பக்கத்தில் நிற்க, உரத்த குரலில் சொன்னேன்: “விருப்பமானவங்க பேரு குடுங்க. பேரு குடுக்காதவங்க ஒதுங்கி நில்லுங்க.”

ஒருவரும் ஒதுங்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள், இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து! என் ஆய்வு மேற்பார்வையாளர் பாராட்டினார். நான் மார்தட்டிக்கொண்டேன்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஆளின் பெயர் மட்டுமல்ல. ஒரு நாள் வேலையும் பேர்தான். பேர் விழுந்தது என்றால் அன்றைய வேலை பதியப்பட்டது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பெரட்டில் ஒதுக்கி நிறுத்தினால் அன்று பேரே இல்லை. இப்போது நான் சொன்னதை இன்னொருமுறை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்கள் எதைக் கேட்டிருப்பார்கள்?

இந்தச் சொல் எனக்குத் தெரியாதா? என் அம்மா பேருக்காகத்தான் மழையில் மலை ஏறினார். அந்தப் பேரில்தான் நான் படித்தேன். படித்து முடித்ததும் எனக்குப் பேர் என்றால் பெயர் என்று மட்டும் ஆகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.

இது தெரிய வந்தது இரண்டு வருடம் கழித்து. கிளினிக்குக்கு வந்த காளியாயி அக்கா, ஊசி மருந்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டிருக்கிறார்: “மிஸ்ஸி, அன்னைக்குப் பெரட்டுல கையெழுத்து வச்சமே, அந்தப் பேரு எப்ப விழும்?” சுலக்ஷனா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாராம். அக்கா சிரிக்கவில்லை. பிறகு சுலக்ஷனா இன்னொருவரிடம் கேட்டார், அதன் பிறகு பத்துப் பேரிடம் கேட்டார். சிலர் பேர் விழும் என்று கையெழுத்து வைத்தவர்கள். பலர், வைக்காவிட்டால் அன்றைய பேர் வெட்டப்படும் என்று பயந்து வைத்தவர்கள்.

அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“அண்ணே, இருநூத்திப் பன்னெண்டு பொம்பளைங்கள்ல ஒருத்தங்ககூட மாட்டேன்னு சொல்லல்ல. நாம சந்தோசப்பட்டோம். அது சம்மதம் இல்ல அண்ணே, அது பெரட்டு.”

“இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? எண்ணிக்கையெல்லாம் சரிதானே? வலின்னு சொன்னவங்களுக்கு உண்மையிலேயே வலிதானே?”

“வலி உண்மதான். ஆனா முதுகு அவங்களுதில்லையா?”

எத்தனையோ ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், இன்று மாணவர்களுக்கு அதைப் படிப்பித்தும் வருகிறேன். இப்படி ஒரு கேள்வி எந்த வகுப்பிலும் என்னைத் தொட்டதில்லை.

அடுத்த வாரமே அவர் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். “என் ஆய்வு, என் பொறுப்பு, நான் அங்கே இருந்திருக்க வேண்டும்” என்று எழுதினார். என்னைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பிக்கப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்து இரத்தப் பரிசோதனைகள் ஒரே நாளில் இல்லாமல் போயின. முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். படிப்பு விடுமுறை முடிந்துவிட்டது. வேலை முடிந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் மேல் டிவிசனுக்கு ஏறினார். லயத்துக்குப் போய், ஒவ்வொருவரிடமும் விளக்கினார். ‘பேர்’ என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. “இதுல சேந்தாலும் உங்க வேலையில ஒண்ணும் கூடாது, சேராட்டியும் ஒண்ணும் குறையாது. இப்பவே சொல்ல வேணாம், யோசிச்சு வைங்க, அடுத்த ஞாயிறு வர்றேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார். அவருக்கு உதவியாளராக இருந்த ரிஃப்னா இங்கேதான் இருக்கிறார், அவரைக் கேளுங்கள்.

அப்படிப் போன இரண்டாம் ஞாயிறு எனக்குப் போன் வந்தது. அவருக்கு மூச்சு வாங்கிற்று. ஏதோ விபத்து என்று பதறிவிட்டேன்.

“அண்ணே! ஒரு ஆள் மாட்டேன்னுட்டாங்க!”

“யாரு?”

“நம்ம காளியாயி அக்கா! ‘எனக்கு ஊசின்னா பயம் மிஸ்ஸி, நான் மாட்டேன்’னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க!”

இதற்காக ரிஸ்வி நானாவின் கடையில் எல்லோருக்கும் மீன் வைத்த மாலு பனிஸ் வாங்கிக் கொடுத்தார் என்றால் நம்புவீர்களா? உலகத்தில் எந்த ஆய்வாளர் ஒரு மறுப்பைக் கொண்டாடியிருக்கிறார்! கடைசியில் நூற்று எண்பத்தொரு பெண்கள் சம்மதித்தார்கள், முப்பத்தொரு பெண்கள் மறுத்தார்கள். அந்த முப்பத்தொன்றைத்தான் அவர் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

நான் என்ன செய்தேன்? அவர் கடிதம் எழுதியபோது என் ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. அதே காலை, அதே களம், அதே கையெழுத்துகள். அவர் மாதம் ஒருமுறை போன் எடுப்பார். சுகம் விசாரிப்பார், என் பிள்ளைகளைக் கேட்பார், கடைசியில், “அண்ணே, உங்க கடிதம்?” என்பார்.

வாய்மொழித் தேர்வு முடியட்டும் என்றேன். முடிந்தது. பட்டமளிப்பு முடியட்டும் என்றேன். அதற்கு அவரே வந்து, முன்வரிசையில் நின்று கைதட்டினார். எந்தக் கள்ளமும் இல்லாத கைதட்டல் அது! அடுத்த மாதம் மறுபடி போன். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்களே எழுதிப் போடுங்களேன்!” என்று கத்தினேன்.

“யாராவது கேட்டா மறைக்க மாட்டேன் அண்ணே. ஆனா நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்” என்றார். அதற்குப் பிறகும் என் மனைவிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, மழையில் மருந்தோடு வந்து நின்றவர் அவர்தான். என்னை ஒருநாளும் குறைவாக நடத்தவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

கடைசியாகப் பேசியது ஒரு திங்கட்கிழமை. “இந்த மாசம் முடியட்டும், கட்டாயம் எழுதறேன்” என்றேன். “சரி அண்ணே” என்றார். புதன்கிழமை தலைவலி என்று படுத்தவர், மூளையில் இரத்தம் கசிந்து, ஐந்தாம் நாள் போய்விட்டார். நாற்பத்தொரு வயது. மாதம் முடிந்துவிட்டது, கேட்க அவர் இல்லை.

பெரியோர்களே, அவரைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போவது எவ்வளவு சுலபம்! நேர்மையின் சிகரம், மலையகத்தின் ஒளி என்று நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், நீங்களும் கண்ணைத் துடைத்திருப்பீர்கள். அவர் கேட்டது அதுவா? அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கடிதம்.

மேல் டிவிசன் அம்மாமார்களே, அக்காமார்களே! அன்று பெரட்டில் நான் உங்களிடம் பேசிய விதம் தவறு. உங்களை ஒதுங்கி நிற்கச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. உங்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். வரும் ஞாயிறு மாலை நான் உங்கள் லயங்களுக்கு வருவேன். இதையே ஒவ்வொருவரிடமும் சொல்வேன். வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வர வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள். நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

சுலக்ஷனா எழுதி வைத்த அத்தியாயங்களை ரிஃப்னாவும் ஷாமிலா டொக்டரும் சேர்ந்து அவர் பெயரிலேயே வெளியிடப் போகிறார்கள். எழுதாத இரண்டு அத்தியாயங்களை யாரும் அவருக்காக எழுதி, அவர் எழுதியதாகப் போட மாட்டார்கள். அது எங்கள் உறுதிமொழி. அவருடைய உழைப்பு நிற்கும். என்னுடைய ஆய்வேடு நிற்குமா, தெரியாது. போனால் போகட்டும்.

அந்தக் கடிதத்தை இன்று காலை ஹட்டன் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

எழுதிட்டேன் தங்கச்சி.