ஆஸ்திரேலியாக்காரனுக்குப் போட்ட மொட்டை

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். ரிஷிவந்தியம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் நின்றுவிட்டது. என் முன்சீட்டில் மழித்த தலையோடு ஒரு பெரியவர். அவர் பக்கத்திலிருந்த கரும்பு விவசாயி கேட்டார்.

“புது மொட்டையா கீதே. வூட்ல யாருனா தவறிட்டாங்களாங்க?”

“கூட்டாளி. ஆஸ்திரேலியாக்காரன்.”

விவசாயி சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டார்.

“மலேயா தோட்டத்துலேர்ந்து எங்கள ஜப்பான்காரன் சயாமுக்கு இட்டுக்கினு போனான், ரயில் ரோடு போட. இவன் ஆஸ்திரேலியா பட்டாளத்துக்காரன், அங்க ஜப்பான்காரன்கிட்ட கைதி. நான் ஜுரத்துல கெடந்தப்ப அவன் சோத்துல பாதிய வேலிக்கு இந்தாண்ட தள்ளுவான்.”

“அப்புறம் இன்னா ஆனாருங்க?”

“சண்ட முடிஞ்சி ஊருக்குப் போயி கரும்பு வெட்டிக்கினு இருந்தான். வருசத்துக்கு ஒரு கடுதாசி போடுவான், பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிச்சுச் சொல்லுவாரு. இந்த வாட்டி அவன் பொண்டாட்டி எழுதிச்சி. செத்து ரெண்டு மாசம் ஆச்சாம். சேதி வந்த நாள்லேர்ந்து எண்ணி, நேத்து ஆத்தங்கரையில பதினாறாம் நாள் காரியத்த முடிச்சேன்.”

“அவருக்குப் புள்ளைங்க இல்லீங்களா?”

“மூணு பசங்க. அந்த ஊர்ல யாரும் மொட்ட போட மாட்டாங்களாம். பாவம், யாருனா ஒருத்தன் போடணும் இல்ல?”