கத்தரி படாத கூறை

டும்.

அது விழுந்த சத்தம் அல்ல. ஷெல் ஏவிய சத்தம். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து. எண்ணத் தொடங்குகிறேன். ஒன்று. இரண்டு. சந்தைக்கு என்றால் ஒன்பதில் விழும். எங்கள் ஒழுங்கைக்குப் பதினொன்று.

"உள்ளுக்கு வாங்கோ! எல்லாரும் உள்ளுக்கு!"

கத்துவது நான். புதன்கிழமை. காலை ஒன்பது நாற்பது. ஒரு கையில் மகள் மது, நாலு வயது. மற்றக் கையில் தேத்தண்ணிக் கேத்தில். உயிர் போகிற நேரத்திலும் தேத்தண்ணியை விடாதவன் நான். ஏழு. எட்டு. பதுங்குகுழிக்குள் ஒன்பது பேர். கடைசியாக வந்தவள் என் மனைவி சரோ. வாசலோடு குந்துகிறாள். பத்து.

பதினொன்று.

எங்கள் பட்டினம் பாலத்தால் வாழ்ந்தது. ஆற்றைக் கடக்க அது ஒன்றுதான் வழி. பாலம் எவரிடமோ, பெருவீதி அவரிடம். அதனால் இரண்டு தரப்பும் எங்கள் தலைக்கு மேலால் அடித்துக்கொண்டன. மூன்று பக்கம் முற்றுகை. நாலாவது பக்கம் ஆறு. முதல் வாரமே பாலம் உடைந்தது. சண்டை நிற்கவில்லை. இல்லாத பாலத்துக்காக இன்னும் ஐந்து வாரம் அடித்தார்கள்.

நான் தையற்காரன். சண்டைக்கு முன்னர் ஊரில் எனக்கு மதிப்பில்லை. முற்றுகையில் வந்தது. சாக்கு முடிந்துவிட்டது. மண்மூட்டைக்குத் துணி வேண்டும். யன்னல் சீலை, வேட்டி, கோயில் திரை எல்லாம் என் மெஷினுக்கு வந்தன. பிறகு சேலைகள். ஒரு சேலைக்கு ஆறு மூட்டை. ஆற்று மணலை நிரப்பி அடுக்கினோம். பட்டுக்கரை போட்ட பதுங்குகுழிகள். கலியாண வீடு போல இருந்தன.

பக்கத்து வீட்டு நடராசா அண்ணை மெஷினுக்கு மேலே குனிந்து நிற்பார். ஓய்வுபெற்ற தபால்காரர்.

"தம்பி, நீ எண்டைக்குச் சொன்ன நாளில உடுப்புத் தந்தனி? இதையாவது ஷெல் விழ முந்தித் தா."

"நாளைக்குக் கட்டாயம் தாறன் அண்ணை."

"உன்ர நாளைக்கு எனக்குத் தெரியும். பெருப்பிக்கத் தந்த என்ர கலியாணச் சேட்டு இன்னும் உன்னட்டக் கிடக்கு."

அவருடைய மனைவிதான் முதல் ஆளாகத் தன் கூறைச் சேலையைத் தந்தவர். தாலி கட்டும்போது உடுத்த சேலை. வெட்டித் தைத்தேன். கத்தரி தயங்கவில்லை. அது என் கூறை அல்லவே.

திங்கட்கிழமை சரோ வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, வாசலுக்கு ஒரு வரிசை குறையுது. என்ர கூறையை வெட்டுங்கோ."

"கூறையையோ?"

"ஓம். பெட்டிக்குள்ள இருந்து அது ஆரைக் காப்பாத்தப் போகுது?"

அரக்கு நிறம். பொன் கரை. மேசையில் விரித்தேன். கத்தரியை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. கூறையில் கத்தரி பட்டால் கட்டினவனுக்கு ஆகாது. புருசன் போய்விடுவான். இப்படியான கதைகளை ஊரெல்லாம் நக்கலடித்துத் திரிந்தவன் நான். சாத்திரியாரையே அழ வைத்தவன். கத்தரி இறங்கவில்லை. சரோவின் சேலையை நினைத்து அல்ல. அன்பு என்று எழுத ஆசைதான். பயந்தது என் உயிருக்கு.

மடித்தேன். மெஷின் பெட்டிக்குள் ஒளித்தேன். சரோவிடம் போய்ச் சொன்னேன்.

"வெட்டிட்டன். பின்பக்கத்துக்கு அவசரமாய்ப் போட்டுட்டம். வாசலுக்கு நாளைக்குப் பாப்பம்."

நாளை, செவ்வாய். நான் ஒன்றும் தைக்கவில்லை.

புதன். பதினொன்று. ஷெல் முற்றத்தில் விழுந்தது. சத்தம் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. மணல். புகை. வாசல் மூட்டைகள் அப்படியே நின்றன. அவற்றுக்கு மேலே ஒரு சாண் வெளிச்சம். ஒரு வரிசைக்கான இடம். சிதறுதுண்டு அதற்குள்ளால் வந்தது. சரோவின் கழுத்தில்.

ஒன்பது ஐம்பதுக்கு அவள் இல்லை.

எரிக்க ஏலாது. புகை கண்டால் அடிப்பார்கள். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு கொஞ்சம் ஓய்ந்தது. ஆற்றங்கரையில் கிடங்கு வெட்டினோம். சுமங்கலியாகப் போனவளைக் கூறை உடுத்தித்தான் அனுப்ப வேண்டும். நடராசா அண்ணை என்னைப் பார்த்தார்.

"கூறை எங்க தம்பி?"

எடுத்தால் பொய் தெரிந்துவிடும். வாசலில் குறைந்த வரிசையையும் பார்ப்பார்கள்.

"மூட்டைக்கு வெட்டிட்டன் அண்ணை."

அவர் என் தோளைத் தட்டினார். பாவம் என்று. சரோவைப் போர்வையில் சுற்றினோம். நீலக் கோடு போட்ட போர்வை.

சனிக்கிழமை விடியப்புறம் ஆற்றைக் கடந்தோம். கழுத்தளவு தண்ணீர். தோளில் மது. தலையில் பொலித்தீன் சுற்றிய ஒரு பொட்டலம். உடுப்பு என்றேன். எங்களோடு பதுங்குகுழியில் இருந்த மூலை வீட்டுச் சகோதரர்கள் இருவரை நடு ஆற்றில் வெடி பிடித்தது. நீச்சல் தெரிந்தவர்கள். நீச்சல் தெரியாத நான் கரையேறினேன்.

இப்போது வெளிநாட்டில், மோர்டன். ரயில் பாதை முடிகிற இடம். அதற்கு மேல் ஓட வழியில்லை என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். பக்கத்துக் கோலியர்ஸ் வுட்டில் ஒரு தையல் கடையில் கால்சட்டைக்கு விளிம்பு மடிக்கிறேன். மேல்மாடியில் எவராவது சாமானைப் போட்டால் எண்ணத் தொடங்குவேன். பதினொன்று வரை. வாடிக்கையாளர் காத்து நிற்பார்.

மதுவுக்கு இருபத்தொன்பது. சரோ நின்ற வயது. போன ஞாயிறு சொன்னாள்.

"அப்பா, கலியாண ஹோல் புக் பண்ணியாச்சு. கூறை மட்டும்தான் மிச்சம். அம்மாட கூறை இருந்திருந்தா அதைத்தான் கட்டியிருப்பன்."

அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேசை இறக்கினேன். விரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக, பகிடி இல்லாமல்.

அவள் சேலையைத் தொடவில்லை.

"இதில எத்தினை மூட்டை வரும்?"

"ஆறு."

"அம்மாவைக் காப்பாத்த அது காணுமா?"

"தெரியாது பிள்ளை."

கண்ணைத் துடைத்தாள்.

"வெட்டியிருந்தாலும் நீங்கள் புதன்கிழமைக்குள்ள தைச்சிருக்க மாட்டியள் அப்பா."

என்னை மன்னித்தாளா, அடித்தாளா? தெரியவில்லை. கூறையை மடித்துத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். கட்டுவாளா? கேட்கத் துணிவில்லை.

கணக்கு இது.

பதுங்குகுழியில் ஒன்பது பேர். கரை சேர்ந்தவர்கள் ஆறு. கூறை வெட்டக் கொடுத்தவரின் புருசன் நடராசா அண்ணை ரொறன்ரோவில் இருக்கிறார். எண்பத்திநாலு வயது. நக்கல் குறையவில்லை.

பாலம், ஒன்று. வீடு, ஒன்று. மெஷின், ஒன்று. அதன் பெட்டிக்குள் நடராசா அண்ணையின் கலியாணச் சேட்டு.

சகோதரர்கள், இருவர்.

தைக்காத மூட்டை, ஆறு.

சரோ. இருபத்தொன்பது வயது. நீலக் கோட்டுப் போர்வையில்.